எந்தப் பூச்சிக்குங்க?

சேலத்துக்குப் பக்கத்தில், அயோத்தியாப்பட்டணத்தில், எங்களுக்கு ஒரு பூச்சிமருந்துக் கடை இருந்தது. வீட்டுக்காரர் சரக்கெடுக்கப் போய்விடுவார். கல்லாவில் உட்கார்ந்து பில் போடுவது நான். பத்தொன்பது வருடம் அப்படி ஓடியது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "பூச்சி விழுந்துருச்சுங்க, ஒரு மருந்து குடுங்க." "எந்தப் பூச்சிக்குங்க?" என்று கேட்டால் முழிப்பார்கள். "அதாங்க, பூச்சி." எப்போதாவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து சுருண்ட இலை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைப்பார். அவருக்கு மட்டும் சரியான சரக்கு போகும். மற்றவர்களுக்கு, உள்ளதைச் சொன்னால், அந்த மாதம் எது தேங்கிக் கிடந்ததோ அது போனது.

விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்ததில் அதை இருமல் டானிக் போல மூடியில் அளக்கப் பழகிவிட்டோம். "பூச்சி சாஸ்தின்னா இன்னும் ரெண்டு மூடி சேத்துக்கங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

2019-ல் கடையை மூடினோம். இப்போது கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குப் பக்கம், ஐந்து சென்டில் வீடு. ஒரு மல்கோவா, இரண்டு தென்னை, ஒரு பப்பாளி, செம்பருத்தி, கறிவேப்பிலை, தொட்டியில் கத்தரியும் வெண்டையும், பந்தலில் அவரை. மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுதும் தெரியும். கடைச் சரக்கு எதையும் இங்கே அடிப்பதில்லை. அதற்காகப் பூச்சியே கிடையாது என்று சொல்லமாட்டேன். எது எங்கே இருக்கிறது, எதைத் தின்ன வருகிறது என்று தெரியும். எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

கரப்பான்

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். கட்டைவிரல் நீளத்துக்கு, செம்பழுப்பாக, சில நேரம் பறந்து முகத்தில் விழுகிறதே, அது சாக்கடைக் கரப்பான். பெரும்பாலும் அது உங்கள் சமையலறையில் குடியிருப்பதில்லை. இருட்டியபின் கழிவுநீர்க் குழாய் வழியே மேலே வந்து போகிறது. அதற்கு விஷம் தேவையில்லை, வழியை அடைத்தால் போதும். குளியலறைத் துளைக்குக் கண் சிறிய சல்லடை மூடி போடுங்கள். சிங்க் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். வெள்ளை சிமெண்டால் பூசுங்கள். மாடிக் குளியலறை புழங்காமல் கிடந்தால் துளைக்கு அடியில் தேங்கி நிற்கும் நீர் காய்ந்து பாதை திறந்துவிடும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் அதில் ஊற்றினால் போதும். எங்கள் வீட்டில் பாதித் தொல்லை இந்த ஒரு சொம்புத் தண்ணீரில் நின்றது.

இன்னொன்று சின்னது. அரை அங்குலம் இருக்கும், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. இதுதான் வீட்டோடு குடியிருப்பது. மிக்ஸிக்கு அடியில், ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில், கேஸ் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில். பெரும்பாலும் மளிகை வந்த அட்டைப்பெட்டியோடு வந்திருக்கும். பெண் கரப்பான் முட்டைக்கூட்டை வால் பக்கம் சுமந்துகொண்டே திரியும். ஒரு கூட்டில் முப்பது நாற்பது முட்டை. ஸ்பிரே அந்தக் கூட்டுக்குள் இறங்காது. அதனால்தான் அடித்த அன்று பத்து செத்து, மூன்று வாரம் கழித்து இருபதாகத் திரும்பி வருகிறது.

ஸ்பிரேயை நான் விட்டதற்குக் காரணம் வேறு. மகன் பத்தாவது படிக்கும்போது ஹாலில் மீன்தொட்டி வைத்திருந்தான். ஒரு ராத்திரி கடையிலிருந்து நானே எடுத்து வந்த ஸ்பிரேயை சமையலறையிலும் ஹாலிலும் அடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஏழு மீனும் மல்லாந்து மிதந்தன. இந்த ஸ்பிரேக்களிலும் கரப்பான் சாக்பீஸிலும் இருக்கிற பைரித்ராய்டு வகை விஷம் மீனுக்கு எமன், பூனைக்கும் ஆகாது. விற்றுக்கொண்டிருந்த எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது. அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது செய்வது இது. பழைய ஜாம் பாட்டிலின் உள்வாய் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தேங்காய் எண்ணெயை நன்றாகத் தடவி, உள்ளே ஒரு வெங்காயத் துண்டும் ரொட்டித் துண்டும் போட்டு, ஏறுவதற்குப் பிடிமானமாக வெளியே தினத்தாளைச் சுற்றி, சந்தேகப்படும் இடங்களில் ராத்திரி வைத்துவிடுங்கள். விழுந்தது வழுக்கி ஏற முடியாமல் கிடக்கும். காலையில் எண்ணுங்கள். மிக்ஸிப் பக்கம் ஒன்பது, அரிசி டப்பா பக்கம் ஒன்று என்றால் குடியிருப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. விழுந்ததை சோப்புத் தண்ணீரில் கவிழ்த்துவிடலாம்.

இடம் தெரிந்தபின் போரிக் பவுடர். கேரம் போர்டில் தூவுவார்களே, அதுதான். ஆனால் கேரம் பவுடர் என்று விற்பதில் வெறும் மாவும் உண்டு. பொட்டலத்தில் போரிக் ஆசிட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். போரிக் பவுடர் இரண்டு ஸ்பூன், கோதுமை மாவு இரண்டு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், பொடியாக நறுக்கிய வெங்காயம் கொஞ்சம். சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி, சோடா மூடியில் வைத்து, எட்டாத சந்துகளுக்குள் தள்ளிவிடுங்கள். தின்றது உடனே சாகாது, சில நாள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து ஸ்பிரே அடித்தால் உருண்டைப் பக்கம் எதுவும் வராது, எல்லாம் வீண். உருண்டை காய்ந்து கல்லானால் மாற்றுங்கள். இதுவும் விஷம்தான், மற்றதைவிடக் குறைவு என்று மட்டும் சொல்லலாம். தவழும் குழந்தையோ நாயோ இருக்கிற வீட்டில், கை போகாத இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வையுங்கள். பிசைந்த கிண்ணத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு சிங்கில் ராத்திரிப் பாத்திரத்தை ஊறப்போட்டால் பயனில்லை. கரப்பான் பட்டினியை வாரக்கணக்கில் தாங்கும், தாகத்தைத் தாங்காது. படுக்கப் போகுமுன் சிங்கைத் துணியால் துடைத்து உலர வையுங்கள்.

எறும்புக்கும் இதே பவுடர்தான், ஆனால் மிக லேசாக. அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் போரிக் பவுடர். அதில் பஞ்சை நனைத்து, மூடியில் துளையிட்ட சின்ன டப்பாவில் வைத்துவிட்டால் வேலைக்கார எறும்பு குடித்துப்போய்ப் புற்றில் மற்றவற்றுக்கு ஊட்டும். பவுடரை அதிகம் போட்டால் வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குள் எதுவும் போய்ச் சேராது. என் மாமியார் எறும்பு வரிசையில் மஞ்சள்தூள் போடுவார். வரிசை கொஞ்சம் தள்ளிப் போகும், அதோடு சரி.

கொசு

பகலில் கணுக்காலில் கடிப்பது ஏடிஸ், கறுப்பு உடம்பில் வெள்ளை வரி, டெங்கு பரப்புவது. அது நல்ல தண்ணீரில் முட்டையிடும். ராத்திரி காதில் ரீங்காரம் போடுகிற கியூலெக்ஸ் சாக்கடைத் தண்ணீரில் பிறப்பது. தெருச் சாக்கடைக்கு நாம் மனு எழுதலாம். ஏடிஸ் நம் வீட்டிலேயே பிறந்தது, அதைப் பார்த்துக்கொள்வது நம் வேலை.

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே வாரம் ஒருநாள் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தால் வட்டம் அறுந்துவிடும். எனக்கு வெள்ளிக்கிழமை, வாசல் கழுவும்போதே. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும்; பல பேர் அதைப் பார்த்ததே இல்லை. மணிபிளான்ட் பாட்டில், தொட்டிச் செடியின் அடித்தட்டு, கொட்டாங்குச்சி, பழைய டயர், சம்ப் மூடியின் விளிம்பு. அப்புறம் ஆட்டுக்கல். கிரைண்டர் வந்தபிறகு வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு ஆட்டுக்கல் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாட்டி காலத்துச் சொத்து என்று தூக்கிப் போடவும் மனம் வராது. குழியில் மணலை நிரப்பி ஒரு செடி வையுங்கள். எங்கள் வீட்டுக் குழியில் கற்றாழை இருக்கிறது.

கவிழ்ப்பதோடு விடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு அடுத்த மழைக்குப் பொரிக்கும். தொட்டி காலியாகத்தானே இருந்தது என்பார்கள், அதில் ஏமாறுவது இப்படித்தான்.

காலிசெய்ய முடியாத தோட்டத்துத் தொட்டியில் நான்கைந்து கப்பி மீன் விட்டிருக்கிறேன். புழுக்களைத் தின்று தீர்த்துவிடும். அந்த மீனைக் கொண்டுபோய் ஏரியில் விடாதீர்கள். அங்கே இருக்கிற நாட்டு மீன்களுக்கு அது தொந்தரவு. மற்றபடி ஜன்னலுக்கு வலை. கொசுவத்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றி வைத்துக்கொண்டு படுப்பது விறகுப் புகைக்குள் படுப்பது மாதிரி.

வேப்பங்கொட்டைக் கரைசல்

தோட்டத்துக்கு நான் தயாரிக்கிற ஒரே மருந்து இது. ஆனி, ஆடியில் எங்கள் தெருவில் நடந்தால் காலில் வேப்பம்பழம் நசுங்கும். பொறுக்கி, தோலும் சதையும் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, சணல் பையில் கட்டி வைக்கிறேன். வெயிலில் காய்ந்ததும் பூஞ்சணம் பிடித்ததும் ஆகாது. மூன்று மாதம் கழித்து எடுத்தால் நல்ல வீரியம், எட்டு மாதத்துக்குமேல் ஆனால் குறைந்துபோகும்.

ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. ஓட்டை நீக்கி இடித்துத் துணியில் மூட்டை கட்டி ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் பாலாக வரும்வரை பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். அன்றே அடித்துவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது. அதுவும் சாயங்காலம், வெயில் தாழ்ந்தபிறகு. வேம்பில் வேலைசெய்கிற அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். சாயங்காலம் அடித்தால் தேனீக்களும் கூடு திரும்பியிருக்கும்.

அடித்த மறுநாள் பூச்சி அப்படியே உட்கார்ந்திருக்கும். பல பேர் வேம்பைக் கைவிடுவது அன்றைக்குத்தான். வேம்பு பூச்சியைச் சட்டென்று கொல்லாது. தின்பதை நிறுத்த வைக்கும், புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை அடித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இடிக்க நேரமில்லாதவர்களுக்கு வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. முதலில் வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு அடித்துக் கலக்கி, வெள்ளையானபின் மீதித் தண்ணீரைச் சேருங்கள். தண்ணீரில் நேராக எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும்; தெளிப்பானின் கடைசிச் சொட்டில் மொத்த எண்ணெயும் ஒரே செடிமேல் இறங்கிக் கருக்கிவிடும். வயலுக்கு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லிவரை சொல்வார்கள். வீட்டுச் செடியின் தளிருக்கு அது அதிகம். ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அளவைக் கூட்டலாம்.

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த கரைசலை எல்லோரும் புகழ்கிறார்கள். நானும் இரண்டு தடவை செய்தேன். அசுவினி, அதாவது தளிரில் மொய்த்துச் சாறு உறிஞ்சுகிற செடிப்பேன், கொஞ்சம் குறைந்தது, எனக்குத்தான் கண் ஒருநாள் முழுக்க எரிந்தது. புகையிலை ஊறவைத்த தண்ணீரை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். அதில் இருப்பது நிக்கோட்டின், தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். செடியிலிருந்து எடுத்தது என்பதால் சாதுவாகிவிடாது.

மாவுப்பூச்சி

செம்பருத்தியில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக அப்பியிருக்கும். முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தேனுக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கும், எதிரிப் பூச்சி வந்தால் விரட்டும். எறும்பு ஏறும் வழியை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. தண்டில் ஒரு சாண் அகலத்துக்கு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஆமணக்கெண்ணெயோ கிரீஸோ தடவுகிறேன். அதிகம் அப்பிய நுனிகளை வெட்டி சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், குப்பையில் எறிந்தால் திரும்ப ஏறும். மிச்சத்தை ஹோஸ் பைப்பில் வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, நான்கு நாள் கழித்து வேப்பெண்ணெய்.

இங்கே ஒரு தப்பு செய்தேன். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே நான்கு மடங்கு பெரிய மாவுப்பூச்சிகள் நகர்ந்துகொண்டிருந்தன, வெள்ளை முடி நீளநீளமாகத் தொங்க. தாய்ப்பூச்சி போலிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கினேன். மறுவாரம் மாவுப்பூச்சி இரண்டு மடங்கு. பிறகுதான் தெரிந்தது, நான் நசுக்கியது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே பிறந்தது. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். காபித் தோட்டத்துச் செதில்பூச்சிக்காக 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டு அது. கையால் தொடும்போது விறுவிறு என்று நடந்தால் அது நம் ஆள், விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோவைப் பக்கம் தென்பட்டு, அடுத்த இரண்டு வருடத்தில் எங்கள் பக்கத்து மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றிலும் ஏறியது. கடையில் அப்போது நல்ல வியாபாரம். டேங்க் டேங்காக அடித்தார்கள், மெழுகுப் படலத்தைத் தாண்டி மருந்து உள்ளே போகவில்லை. கடைசியில் 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவி, அசிரோபேகஸ், அந்த வேலையை முடித்தது. மறு வருடம் அந்தச் சரக்கு எங்கள் அலமாரியில் தூசிபடிந்து கிடந்தது. கடையை மூடியபிறகு, மரவள்ளிக்கென்றே வேறொரு மாவுப்பூச்சி வந்தது. அதற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து, 2022-ல் நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில்தான் விட்டார்கள். இப்படி வந்த குளவிகள் உங்கள் கொல்லையிலும் இருக்கக்கூடும். நீங்கள் ஒரு கடும் விஷத்தை அடித்தால் முதலில் சாவது அவைதான்.

அவரைப் பந்தலில் அசுவினிக்கு, பனி ஈரம் காயுமுன் விறகுச் சாம்பலைத் தூவுங்கள். கத்தரியில் நுனி மட்டும் வாடித் தலைதொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றாதீர்கள். கிள்ளிப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். வாரம் இரண்டு முறை அந்த நுனிகளைக் கிள்ளி அழித்தால் காய்க்கு வருவது வெகுவாகக் குறையும். கிள்ளியதைச் செடிக்கு அடியிலேயே போட்டுவிடாதீர்கள்.

மாம்பழத்துக்குள் புழு

சேலத்துக்காரருக்கு இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. மல்கோவாவை வைக்கோலில் பழுக்க வைத்து, வாசனை வந்து, ஆசையாக அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு துள்ளுகிறது. பழஈயின் வேலை. காய் முற்றும்போது தோலில் ஊசிபோலக் குத்தி முட்டையிட்டுவிடும். புழு உள்ளே போனபிறகு வெளியே எதை அடித்தும் பயனில்லை.

காய் முற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே, பங்குனிக் கடைசியில், இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை மரத்தில் கட்டிவிடுவேன். மெத்தில் யூஜினால் ஊறிய மரக்கட்டை வைத்த பிளாஸ்டிக் டப்பா, விதைக்கடைகளில் கிடைக்கும். ஆள் உயரத்தில், நிழலில் தொங்க வேண்டும். ஆண் ஈக்கள் மட்டும்தான் அதற்கு மயங்கி வரும். ஆண் குறைந்தால் பெண் இடும் முட்டை பொரிக்காது. எதிர்வீட்டு இமாம்பசந்து மரத்திலும் ஒன்று கட்ட வைத்தேன். ஒரு மரத்தில் மட்டும் கட்டினால் பக்கத்து மரத்து ஈ வந்துகொண்டேதான் இருக்கும்.

பொறியைவிட முக்கியம், விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குவது. புழு பழத்தைவிட்டு இறங்கி மண்ணுக்குள் கூண்டுப்புழுவாகிறது. பொறுக்கியதைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் மேலே வரும் கூண்டுப்புழுவை மைனா பார்த்துக்கொள்ளும். நல்ல காய்களுக்கு, எட்டுகிற உயரத்தில் இருந்தால், தினத்தாளில் பை ஒட்டி மாட்டிவிடுகிறேன். போன வருடம் பை மாட்டிய முப்பதில் ஒன்றில்கூடப் புழு இல்லை. எட்டாத கிளைகளில் அணிலுக்கும் ஈக்கும் பங்கு உண்டு என்று விட்டுவிட்டேன்.

தென்னை

ஓலைக்கு அடியில் சுருள்சுருளாகக் கோலம் போட்டதுபோல் முட்டை, கீழ் ஓலையிலும் அடியில் இருக்கிற வாழையிலும் கரி படிந்தாற்போல் கறுப்பு. சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தொடங்கி இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. இதற்கு மருந்து அடிக்கவே கூடாது என்பதில் நான் கண்டிப்பு. என்கார்சியா என்ற குளவி இதன் குஞ்சுக்குள் முட்டையிடுகிறது. அப்படி ஆனவை கறுத்துத் தெரியும். ஓலையடியில் கறுத்த செதில்கள் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் பாலிதீன் தாளில் ஆமணக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டினால் ஈ ஒட்டிக்கொள்ளும். ஓலைக்கு அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சலாம். கரும்பூசணம் படிந்த இலைக்கு மைதா, லிட்டருக்கு 25 கிராம் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை அடித்தால், காய்ந்து அப்பளம்போல் கறுப்போடு உரிந்து விழும்.

ஓலை விசிறிபோல் வெட்டுப்பட்டு விரிந்தால் காண்டாமிருக வண்டு. குருத்தில் துளை தெரியும். முனை வளைந்த கம்பியை விட்டு வண்டை இழுத்துவிடலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்துக்கு அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் போட்டு வைக்கிறோம். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து மண்பானையில் வைத்தால் ராத்திரியில் வண்டு வந்து விழும். நாற்றம் தாங்காது; காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வையுங்கள். வண்டு பிறப்பது எருக்குழியில். உங்கள் எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும், கோழிக்குப் போடுங்கள்.

மலைமேலே

கொழுந்தனார் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் காபி வைத்திருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனதும் டீ வருவதற்குள் தண்டுத்துளைப்பான் கதை தொடங்கிவிடும். அரபிகா செடியின் தண்டில் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் முட்டை வைக்கும். புழு கட்டைக்குள் போய்விட்டால் எந்த மருந்தும் சேராது. அவர் செய்வது எல்லாம் கைவேலை. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலிருந்து மார்கழிவரையிலும் வண்டு பறக்கும். அதற்கு முன்பே தண்டின் தளர்ந்த பட்டையைத் தேங்காய் மட்டையால் தேய்த்து உரித்துவிடுவார். முட்டையிட வெடிப்பு வேண்டும், வழவழப்பான தண்டில் இட இடமிருக்காது. பிறகு 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் பூசுவார். நிழல்மரத்தைக் குறைக்கமாட்டார், வெயில் விழுகிற செடியைத்தான் அந்த வண்டு தேடிப் போகும். இலை மஞ்சளாகித் தண்டில் வளையம்போல் புடைத்த செடியைப் பார்த்தால் வேரோடு பிடுங்கி எரித்துவிடுவார். "இருபது வருசச் செடி அண்ணி, மனசு வரலை" என்பார், ஆனால் பிடுங்கிவிடுவார்.

அரிசி, எலி, கரையான்

அரிசியில் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது மாமியார் முறை. இப்போது உடைத்த பருப்புக்கு ஆமணக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் புரட்டிவிடுகிறேன். ரவை, மைதா மாதிரிச் சின்னப் பொட்டலங்களை வாங்கியதும் நான்கு நாள் ஃபிரீஸரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கிற முட்டையும் செத்துவிடும். மூட்டைக்குள் போடுகிற வண்டு மாத்திரையை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். அது கக்கும் பாஸ்பீன் வாயு தூங்குகிற ஆளைக் கொல்லும்.

எலிக்குக் கூண்டும் மசால்வடையும். பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும். இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்டால் பூசுங்கள். எலிப்பசை என்று விற்ற மஞ்சள் பாஸ்பரஸ், மனிதனின் ஈரலைக் கெடுப்பது, முறிமருந்தும் கிடையாது. தமிழக அரசு அதைத் தடை செய்துவிட்டது. பழையது வீட்டில் மிச்சம் கிடந்தால் பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள்.

கரையான் கதவு நிலையில் ஏறிவிட்டால் வீட்டு வைத்தியம் பலிக்காது. மண்குழாயை உடைத்துவிட்டு இரண்டு நாளில் திரும்பக் கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் ஆள் கூப்பிட வேண்டியதுதான். அதற்கு முன்பே செய்யக்கூடியது, மரச்சாமான் ஈரச்சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளி வைப்பது.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை என்றால் இருப்பதில் சாது. வீட்டுக்கும் கொல்லைக்கும் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். கடைக்காரர் சில்லறையாக வேறு பாட்டிலில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள், அந்தச் சதுரமும் அளவும் அதில் இருக்காது. நாங்களும் அப்படி ஊற்றித் தந்ததுண்டு. காலி டப்பாவை வேறு எதற்கும் எடுக்காமல் துளையிட்டுவிடுங்கள்.

அதற்கு முன்பு, என்ன பூச்சி என்று தெரியாவிட்டால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். பூச்சியோடு சேர்த்து அது தின்ற இலையையும் பறியுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். தினத்தாளில் மடித்து, எந்தச் செடி, என்றைக்குப் பறித்தது என்று ஓரத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போங்கள்.